பீரோவுக்குப் பின்னால் ஒரு விருந்தாளி

வைகாசி வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற வழியில் இருக்கும் வெள்ளூரணிப்பட்டியில், தங்கபுஷ்பத்தின் வீட்டு ஹாலில், மேற்குச் சுவரில், டிவி இருந்த இடத்தில், ஒரு கணப்பு வந்து நின்றது. அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் அது வந்துவிட்டிருந்தது. மரியாதை தெரிந்த கணப்பாகத்தான் இருக்க வேண்டும். டிவியைத் தரையில் பத்திரமாக இறக்கிவைத்து, அதன் தலைமேல் ரிமோட்டையும் வைத்துவிட்டுத்தான் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. கருங்கல்லில் செதுக்கிய இரண்டு தூண்கள், தூண்களின் மேல் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குக் கல்பலகை, பலகையின் விளிம்பில் கொத்துக்கொத்தாக ஊர்பேர் தெரியாத பழங்கள், நடுவில் வளைந்த வாய், வாய்க்குள் விறகும் இல்லாமல் கரியும் இல்லாமல் நிதானமாக எரிந்துகொண்டிருக்கிற நெருப்பு.

தங்கபுஷ்பம் சத்தம் போடவில்லை. இது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று யோசிக்கவும் இல்லை. பின்கட்டில் படுத்திருந்த நாத்தனார் கனகமணி விழித்துக்கொண்டாளா என்று மட்டும் எட்டிப் பார்த்தாள். கனகமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தங்கபுஷ்பம் நடுக்கதவை மெல்லச் சாத்தினாள், வாசலுக்கு ஓடினாள், எதிர்வீட்டு ஏசுவடியாளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ஏசுவடியாள் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

“கனகமணி பாத்துட்டாளா?”

“இல்லக்கா. தூங்குறா.”

“அப்பப் பேசிக்கிட்டு நிக்காத. பீரோவப் பிடி.”

அந்த வீட்டில் நெருப்பு புழங்கிப் பல வருஷமாகிவிட்டது. கனகமணி வேலை பார்த்த பட்டாசு ஆலையில் ஒரு ரூம் வெடித்தபோது உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். வெளியே வந்தவள் கனகமணி ஒருத்திதான். இடது கன்னமும் கழுத்தும் கையும் வெந்து, மாதக்கணக்கில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பிய முதல் நாள் சாயங்காலம் தங்கபுஷ்பம் சாமி மாடத்தில் விளக்கேற்றத் தீக்குச்சியை உரசியபோது, கனகமணி ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து தங்கபுஷ்பம் அந்த வீட்டில் தீக்குச்சி உரசவில்லை. சாமிக்கு பல்பு எரிந்தது. சோறு கரண்ட் அடுப்பில் வெந்தது. கரண்ட் போனால் ஏசுவடியாள் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. கார்த்திகைக்கு வாசல் இருட்டாகவே கிடந்தது. ஊரே வெடி போட்டுத் தீர்க்கிற தீபாவளிக்கு தங்கபுஷ்பம், அவள் புருஷன், கனகமணி மூன்று பேரும் திருச்செந்தூருக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். இவற்றை யாரும் யாரிடமும் சொல்லிச் செய்யவில்லை. கனகமணியும் எதையும் கேட்கவில்லை. அவள் பின்கட்டில் உட்கார்ந்து, அண்ணன் வேலை பார்க்கிற பிரஸ்ஸிலிருந்து வரும் காலண்டர்களுக்குத் தகரப்பட்டை அடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படுத்தாள். தெருவுக்கு வருவதே இல்லை.

ஆகவே இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பீரோவைத் தள்ளி நெருப்பின் வாயை மூடினார்கள். அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு அந்த நெருப்பின் சூடு முதன்முதலாக மேலே பட்டது. வைகாசி மாதத்தில், அந்த ஊரில், அடைத்த ஹாலுக்குள் எரிகிற நெருப்பு எவ்வளவு கொதிக்க வேண்டும்? இது அப்படிக் கொதிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நமக்குத் தெரிந்த ஒருவர் தோள் உரச உட்கார்ந்து வந்தால் எவ்வளவு சூடு இருக்குமோ, அவ்வளவுதான் இருந்தது. அவள் ஒரு நிமிஷம் பீரோவைத் தள்ளுவதை விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

“என்னடி?” என்றாள் ஏசுவடியாள்.

“ஒன்னுமில்லக்கா,” என்று மறுபடி தள்ளினாள்.

சாயங்காலம் அவள் புருஷன் ஜெயக்கொடி பிரஸ்ஸிலிருந்து வந்து, பீரோவின் சந்து வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, பழைய கூட்டாளியைப் பார்த்தவர் போல, “அட, இது நம்ம எட்டாம் நம்பர் சீனரியில்ல!” என்றார். அவர் முப்பது வருஷமாகக் காலண்டர் அச்சடிக்கிறவர். சாமி படம் வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரர்களுக்கென்று வைத்திருந்த இயற்கைக் காட்சிகளில் எட்டாம் நம்பர், வெளியே பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்து வீட்டின் உட்புறம். அதில் இதே கணப்பு இருந்தது, அதற்கு முன்னால் பூப்போட்ட கம்பளம், கம்பளத்தின் மேல் படுத்திருக்கிற சடைநாய், பக்கத்தில் கைவைத்த பெரிய நாற்காலி, கல்பலகையின் மேல் கடிகாரமும் வெள்ளித் தட்டுகளும். “ஒவ்வொரு வருஷமும் அடிக்கும்போது நினைப்பேன் புஷ்பம், இப்படி ஒரு ஹாலு நமக்கு இருந்தா எப்படியிருக்கும்னு. இப்ப அதுவே வந்துருக்கு. ஒரு கம்பளமும் ஒரு சேரும் வாங்கிப்போட்டா...”

“கனகமணிய எங்க கொண்டுபோய் வைப்பீங்க?” என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, பீரோவுக்கு மேலே தெரிந்த கல்பலகையைத் தானே காலண்டர்களால் மறைக்க ஆரம்பித்தார்.

மறைப்பது லேசாக இல்லை. பொழுது சாய்ந்ததும் பீரோவின் நான்கு விளிம்புகளிலும் செம்மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. அதற்குத் தங்கபுஷ்பம் பீரோவைச் சுற்றி சீரியல் பல்பு கட்டினாள். பல்புகளின் வெளிச்சத்தில் அந்த வெளிச்சம் கலந்துபோயிற்று. கூரைக்கு மேலே புகைபோக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி அடிப்பாகம் அறுத்த பழைய தண்ணீர் டேங்க் ஒன்றை அதன்மேல் கவிழ்த்தார். தூண்கள் இரண்டு பக்கமும் தெரிந்தன. ஏசுவடியாள் தன் மகன் கல்யாண வரவேற்பில் வைத்திருந்த துணிப் பூத்தொட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு தெருவில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் மயில் போட்ட மூங்கில் தட்டி கொடுத்தார். ஒருத்தி தன் ஜரிகைப் புடவையைத் திரையாகக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். டெக்கரேஷன் வேலை பார்க்கிற ஒருவர், தெர்மகோலில் செய்த அன்னப்பறவைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து பீரோவின் மேல் நிறுத்தி, கழுத்தும் கழுத்தும் தொடும்படி வைத்துவிட்டுப் போனார். ஆனி மாதம் பிறக்கும்போது அந்த ஹால், யாருக்கோ வளைகாப்பு நடக்கப்போகிற மண்டபம் மாதிரி இருந்தது.

“ஏன் மதினி, பீரோவுக்கு எதுக்கு சீரியல் செட்டு?” என்று கனகமணி ஒருநாள் ஹாலைக் கடக்கும்போது கேட்டாள்.

“திருவிழா வருதுல்ல.”

“எந்தத் திருவிழா?”

“ஏதாவது ஒன்னு வரும்ல,” என்றாள் தங்கபுஷ்பம்.

கனகமணி முந்தானையைக் கன்னத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டு, அன்னப்பறவைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

தெரு முழுவதும் ரகசியத்தைக் காத்தது. நெருப்பு என்ற வார்த்தையை அந்த வாசலில் யாரும் சொல்லக்கூடாது என்பது தானாகவே சட்டமாயிற்று. அதற்கு விருந்தாளி என்று பேர் வந்தது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது, “விருந்தாளி சவுக்கியமா?” என்று கேட்பார்கள், “சவுக்கியம், கொஞ்சம் எட்டிப் பாத்துட்டுப் போங்க,” என்பாள் தங்கபுஷ்பம். கனகமணி படுத்த பிறகு எட்டிப்பார்க்க வருவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். பட்டாசு ரூமுக்குள் நுழைகிற பழக்கம் உடம்பில் ஊறிய ஊர் அது. யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டார்கள், செல்போனைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வரிசையாக வைத்தார்கள், இரும்பு கேட்டை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, பாயில் நடக்கிற பூனைபோல உள்ளே வந்தார்கள். ஜெயக்கொடி பிரஸ்ஸில் காகித உருளை தள்ளுகிற சின்னச் சக்கரங்களை பீரோவுக்கு மாட்டியிருந்தார். தங்கபுஷ்பம் ஒரு விரலால் தள்ளினாலே போதும், பீரோ அன்னப்பறவைகளோடு நகர்ந்து வழிவிடும்.

முதலில் அதை எதற்காவது பயன்படுத்தலாமா என்று பார்த்தார்கள். ஏசுவடியாள் அப்பளம் சுட்டுப் பார்த்தாள். அப்பளம் இளம் சூடானதே தவிரப் பொரியவில்லை. ஒருவர் பீடி பற்றவைக்கப் பார்த்தார்; பற்றவில்லை. வெந்நீர்கூட வைக்க முடியாத நெருப்பு என்று தெரிந்தபோது, அதன் முன்னால் உட்காருவதைத் தவிர அதனிடம் செய்ய வேறெதுவும் இல்லை என்றாயிற்று. அந்த ஊருக்கு உட்காரத் தெரியாது. பேசும்போதுகூடக் கைகள் திரி முடைந்துகொண்டிருக்கும், லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும், தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக்கொண்டிருக்கும். இங்கே வந்தவர்களின் கைகள் கொஞ்ச நேரம் மடியில் கிடந்து தவித்தன. பிறகு, வேலை முடிந்து படுத்த மாடுகளைப்போல அடங்கின.

பக்கத்துத் தெருவில் யாரோ புகைபோக்கியைப் பற்றிச் சொல்லிவிட, ஒருநாள் தீயணைப்பு நிலைய அலுவலர் சிவஞானம் சிவப்பு வண்டியில் வந்தார். மணி அடிக்காமல் வரச் சொல்லித் தெருமுனையிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு செய்தித்தாளை நெருப்பில் நீட்டினார், அது எரியவில்லை. கையை நீட்டினார், எடுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது, அப்படியே வைத்திருந்தார்.

“என்ன சார், ஆபத்தா?” என்று தங்கபுஷ்பம் கிசுகிசுத்தாள்.

“தெரியலம்மா. இத்தன வருஷ சர்வீஸ்ல நெருப்ப நான் நின்னு பாத்ததே இல்ல. பாத்த உடனே தண்ணிய அடிச்சிருவோம்.” பிறகு கையை எடுத்துக்கொண்டு, “மணல் வாளி ரெண்டு குடுத்துட்டுப் போறேன். இருக்கட்டும், பக்கத்துல,” என்றார். மறுவாரம் யூனிபார்ம் இல்லாமல், வேட்டியில், தானாக வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

பவுன்ராஜ் வந்தது ஆடிக்காற்று தொடங்கின பிறகு. லாரிக்கு லோடு ஏற்றுகிற ஆள், வடக்குத் தெரு, கனகமணி வேலை பார்த்த ரூமில் இருந்த மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தியான ராஜகனி அவர் மனைவி. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நெருப்புக்கு நேர் எதிரே இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், கெட்ட வார்த்தை ஒன்றுவிடாமல் நெருப்பைத் திட்டினார். நீயெல்லாம் ஒரு ஜென்மமா என்றார். ஒரு வீட்டில் உட்கார்ந்து இப்படி ஒழுக்கமாக எரியத் தெரிந்தவனுக்கு அன்றைக்கு என்ன கேடு என்றார். நெருப்பு தலையைக் குனிந்துகொண்டு கேட்டது. அதன் நாக்குகள் தாழ்ந்து, கல்லோடு கல்லாகப் படிந்து, அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற வரை அப்படியே கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதன்பிறகு நெருப்பில் ஆளைக் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தகப்பனைக் கொடுத்தவர்கள், தங்கச்சியைக் கொடுத்தவர்கள். எத்தனை நாளாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்திருந்ததை அதனிடம் சொல்லிவிட்டு, மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, ஏசுவடியாள் தருகிற காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

தங்கபுஷ்பம் எல்லோருக்கும் பின்னால், நடுக்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். கதவுக்கு அந்தப்பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து பீரோவைத் தள்ளுவதற்கு. அவளுக்கும் நெருப்பிடம் சொல்ல ஏதோ இருந்தது. ஆனால் கதவைவிட்டு எழுந்தால்தானே.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், பவுன்ராஜ் திட்டி முடித்துவிட்டுப் போகாமல், முதல்தடவையாகத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்தப் பெரிய உடம்பு சின்னதாகிவிட்டது. நெருப்பைப் பார்த்து, திட்டுகிற குரல் இல்லாமல், கடன் கேட்கிறவர் குரலில் கேட்டார்.

“கடைசியா என்ன சொன்னா? நீதான பக்கத்துல இருந்த. ஏதாச்சும் சொல்லியிருப்பால்ல? என்னப் பத்தி இல்லேன்னாலும் பரவால்ல. என்ன சொன்னான்னு சொல்லு.”

நெருப்பு அசைந்தது. அதற்கு வாய்தான் இருந்ததே தவிரப் பேச்சு இல்லை. பவுன்ராஜ் இன்னொரு தடவை கேட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தங்கபுஷ்பத்தின் முதுகில் கதவு நகர்ந்தது. பாய்ந்து எழுந்தாள். பீரோ எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் முந்தானையை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கதவுக்கும் ஹாலுக்கும் நடுவே நின்றாள். “தூங்கலியாத்தா? ஒன்னுமில்ல, சும்மா வந்திருக்காங்க, ஏலச் சீட்டு, நீ போய்ப் படு...”

கனகமணி மதினியின் முந்தானையைத் திரைச்சீலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கினாள். அவள் கன்னத்தில் துணி இல்லை. நெருப்பைப் பார்த்தாள், அது அவள் எதிர்பார்த்த இடத்தில்தான் இருந்தது போல, அதைத் தாண்டிப் பவுன்ராஜைப் பார்த்தாள்.

“அதுக்குப் பேசத் தெரியாதுண்ணாச்சி. என்னையக் கேளுங்க.”

பவுன்ராஜ் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“உன்னையக் கேக்கக்கூடாதுன்னுதான் தாயி...”

“யாருமே கேக்கலையே,” என்றாள் கனகமணி. “போலீஸ்காரங்க மருந்தப் பத்திக் கேட்டாங்க. ஆபீஸருங்க கதவப் பத்திக் கேட்டாங்க. ராஜகனியக்காவப் பத்தி ஒரு ஆளு கேக்கல.”

அவள் வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நெருப்பிலிருந்து அவள் முதுகு மூன்று முழத் தூரத்தில் இருந்தது. தங்கபுஷ்பம் முந்தானையைப் பிடித்தபடியே நின்றாள்.

“அக்கா நீங்க விடுற குறட்டைய விட்டுக் காமிச்சுக்கிட்டு இருந்தாங்கண்ணாச்சி. முந்தின நாள் ராத்திரி நீங்க விட்டது. மொதல்ல லாரி மேடு ஏறுற மாதிரி, அப்புறம் டயர்ல காத்து எறங்குற மாதிரி, அப்புறம் ஒரு சத்தமும் இல்லாம, செத்துட்டாரோன்னு அக்கா எழுந்து உக்காந்து பாக்கும்போது மறுபடி மேடு ஏறுற மாதிரி. கைய ஸ்டீரிங் மாதிரி பிடிச்சிக்கிட்டுச் செஞ்சாக. நாங்க ரெண்டு பேரும் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறோம். போர்மேன் கேட்டுறப் போறாருன்னு நான் வாயப் பொத்துறேன். இன்னொரு வாட்டி செய்யிங்கக்கான்னு சொன்னேன். அக்கா திரும்ப ஆரம்பிச்சாக. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சிரிச்சிக்கிட்டு இருந்தோம்.”

பவுன்ராஜின் முகம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறியது.

“நான் குறட்டை விட மாட்டேனே,” என்றார்.

“விடுவீங்க அண்ணாச்சி,” என்று சுவரோரமாக இருந்த சிவஞானம் மெதுவாகச் சொன்னார். “போன வாரம் இங்கதான உக்காந்துக்கிட்டே தூங்குனீங்க.”

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது. பிறகு ஏசுவடியாளுக்கு. பிறகு பவுன்ராஜுக்கே. சிரித்துச் சிரித்து, அது அழுகையாகி, அழுகை மறுபடியும் சிரிப்பாகி, அவர் தன் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, “இப்படியா? இப்படியா செஞ்சா?” என்று கேட்டார், “கொஞ்சம் சாய்ச்சு,” என்றாள் கனகமணி.

எல்லோரும் போன பிறகு தங்கபுஷ்பம் பீரோவில் சாய்ந்தாள், சக்கரம் உருண்டு அவள் விழப்பார்த்தாள், கனகமணி பிடித்துக்கொண்டாள்.

“எப்ப பாத்த?”

“வந்த அன்னிக்கே. நீங்க ரெண்டு பேரும் பீரோவத் தள்ளுன சத்தத்துல செத்தவன்கூட எழுந்திருப்பான் மதினி.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறீங்க. சீரியல் பல்பு கட்டுறீங்க. அன்னம் வைக்கிறீங்க. எனக்குத் தெரியும்னு சொல்லி எப்படி மதினி உங்க மனச முறிக்கிறது?” கனகமணி தலைகுனிந்து, மதினியின் முந்தானை நுனியைச் சரிசெய்தாள். “அதோட, நான் தூங்குனாத்தான ஊரு வந்து உக்காரும். அதான் தூங்குனேன். தினமும் கண்ண மூடிக்கிட்டு, ஒவ்வொருத்தரும் பேசுறதக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்.”

“அந்த மொத நாளு, நான் தீக்குச்சி கிழிச்சப்ப, நீ போட்ட சத்தம்...”

“அன்னிக்குப் பயந்தேன் மதினி. மறுநாளும் பயந்தேன். அப்புறம் எப்பவோ பயம் போயிருச்சு. போயிருச்சான்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல. நீங்க கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, வந்தேன். எனக்குத் திருச்செந்தூர் பிடிக்கும்.”

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள், அழுதாள், நாத்தனாரின் வெந்த கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகத் துணிக்குப் பின்னால் இருந்த அந்தக் கன்னம் வழுவழுவென்று, ஆற்றுக்கல் மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் போனதும் கனகமணி அவளை விலக்கிவிட்டு ஹாலைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஜரிகைப் புடவைத் திரை, மயில் தட்டி, துணிப்பூ, சிவப்பு வாளிகள், நாலாபக்கமும் காலண்டர், பீரோவின் உச்சியில் தூசி படிந்து கொஞ்சிக்கொண்டிருக்கிற அன்னங்கள்.

“அதெல்லாம் சரி மதினி,” என்றாள். “விருந்தாளி வந்திருக்கிற வீட்ட இப்படியா வச்சிருப்பாங்க?”

மறுநாளிலிருந்து அவள் தகரப்பட்டை வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு ஹாலைக் கையில் எடுத்தாள். பின்கட்டிலேயே கிடந்தவளுக்கு இத்தனை யோசனை எப்படி வந்தது என்று ஜெயக்கொடி வாயைப் பிளந்தார். அத்தனை மத்தியானங்கள் கண்ணை மூடிக்கொண்டு அவள் யார் எங்கே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்திருக்கிறாள். பீரோ படுக்கையறைக்குப் போயிற்று. திரையும் தட்டியும் உரியவர்களிடம் போயின. மேற்குச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாள். கருங்கல் அதில் எடுப்பாக நின்றது. மற்ற சுவர்களுக்கு முற்றின வாழைப்பழ நிறம். டிவியைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினாள், யார் பார்க்க வேண்டுமோ அவர் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. நாற்காலிகளை வரிசையாகப் போட வந்த அண்ணனைத் தடுத்தாள்.

“வரிசையாப் போட்டா பஸ் ஸ்டாண்டுண்ணே. வளைச்சுப் போடுங்க. ஒருத்தர் அழுதா எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியணும், ஆனா உத்துப் பாக்குற மாதிரி இருக்கக்கூடாது.”

அந்த வளைவு அமைய ஒரு நாள் பிடித்தது. வயசானவர்களுக்கு முதுகு உயர்ந்த மர நாற்காலி, தரையில் உட்கார்ந்தால்தான் பேச்சு வருகிறவர்களுக்குக் கோரைப்பாய், குழந்தையோடு வருகிறவர்களுக்குக் காற்று வருகிற ஜன்னலோரம். ஜெயக்கொடிக்கு எட்டாம் நம்பரில் இருப்பது போலப் பெரிய நாற்காலி வேண்டும். பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, கனகமணியே பஞ்சடைத்துக் கத்திரிப்பூ நிறத்தில் துணி தைத்தாள். கம்பளத்துக்குப் பதில் பவானி ஜமக்காளம். “நாய்?” என்று அவர் கேட்டார். “பவுன்ராஜ் அண்ணாச்சி படுத்துக்குவாரு,” என்றாள் கனகமணி. பவுன்ராஜ் அதற்குள் உண்மையாகவே அங்கே மத்தியானத் தூக்கம் போட ஆரம்பித்திருந்தார், தெரு முழுக்க மேடு ஏறும் லாரிச் சத்தத்தோடு.

கல்பலகையின் மேல் என்ன வைப்பது என்று தெரு முழுக்க ஆலோசனை சொன்னது. கடிகாரம் என்றார்கள், குத்துவிளக்கு என்றார்கள், மாதா சொரூபம் என்றாள் ஏசுவடியாள். கனகமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பலகையைத் துடைத்து வெறுமனே விட்டாள். வருகிறவர்களே வைக்கட்டும் என்றாள். வைத்தார்கள். பவுன்ராஜ் ராஜகனியின் கொண்டை ஊசி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வீட்டிலிருந்து மூக்குக்கண்ணாடி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கின் மூடி, இன்னொன்றிலிருந்து ஒற்றைக் கொலுசு. பண்டிகை நாளில் கனகமணி ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, அதன் வரலாற்றைச் சொந்தக்காரரிடம் மறுபடி ஒருதரம் கேட்டுக்கொண்டு, அதே இடத்தில் வைப்பாள். மூஞ்சியில் துணி போட்டுக்கொள்ள அவளுக்கு நேரம் இல்லை. நாற்காலிக்கு நாற்காலி காப்பி கொண்டுபோவதும், புதிதாக வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பது என்று கண்ணாலேயே அளப்பதும், சத்தமாகப் பேசுகிறவர்களை அதட்டுவதுமாக அவள் அந்த ஹாலின் மணியக்காரியாகிவிட்டாள். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கணப்பு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டால், “வெள்ளிக்கிழமை வந்துச்சு,” என்று மட்டும் தெரு பதில் சொல்லும்.

ஐப்பசி பிறந்து, வாராத மழை அந்த வருஷம் வந்தது. ஊரெல்லாம் வேலை நின்று, கந்தகவாடை கழுவப்பட்டு, முதல்தடவையாக அந்த ஊருக்கு லேசாகக் குளிர் எடுத்தது. சாயங்காலம், யாரும் வராத நேரம், மூன்று பேரும் ஹாலில் இருந்தார்கள். ஜெயக்கொடி கத்திரிப்பூ நாற்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். கனகமணி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஒன்றும் இல்லாமல், கைகள் சும்மா கிடக்க, நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் முருங்கைக்கீரைக் கட்டோடு வந்து, தன்னையறியாமல், எத்தனையோ வருஷத்துப் பழக்கத்தில், நெருப்புக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தாள்.

“மதினி,” என்றாள் கனகமணி.

“என்னத்தா?”

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மறைக்குது.”

தங்கபுஷ்பம் கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். எங்கே உட்காருவது என்று ஒரு நிமிஷம் தெரியாமல் நின்றாள். கனகமணி பாயில் நகர்ந்து, தன் பக்கத்தில், வெந்த பக்கத்தில், கையால் தட்டி இடம் காட்டினாள்.